ஞாயிற்றுக்கிழமை மூச்சு

வாசல் பலகையில் எண் மாற்றுவதும்
என் வேலைதான்.
விபத்தின்றி நூற்றுப் பதினேழு நாள்.
பூட்டிக் கிடந்த குளிர்காலமும் அதில் சேர்த்தி.
காலையில் உறைபனியைச் சுரண்டிவிட்டு
ஏழைக் கழற்றி எட்டை மாட்டுவேன்.
உள்ளே
நண்டு வேகும்.

நியூஃபவுண்ட்லாந்தின் வடகரை இது.
ஏப்ரலில் பனிக்கட்டி விலகப் படகுகள் வரும்.
ஆகஸ்ட் வரை ஆவி அடங்காது.
கூரைத் தகரத்தில் முத்துமுத்தாய்க் கோத்து
கழுத்துக்குள் சொட்டும்.

விரல் வெட்டுப்பட்டால் படிவம் உண்டு.
எந்த விரல், எத்தனை தையல்,
கத்தியா, இயந்திரமா
என்று கட்டம் கட்டமாய்க் கேட்கும்.
இருமலுக்குக் கட்டம் கிடையாது.
"இதர" என்று அரை அங்குலக் கோடு ஒன்று.
அதில் ஆறு வருடம் நான்
"சளி" என்று எழுதினேன்.
என் கையெழுத்து அழகென்று பெயர்.

மே மாதம் ட்ரைஃபீனா கீப்பிங் வந்தாள்.
மாவட்ட மருத்துவமனைத் தாதி.
பள்ளிக்கூடத்துக் கோடுபோட்ட நோட்டு ஒன்று,
மென்று துப்பிய முனையோடு பென்சில் ஒன்று.
எப்போது இருமல் வருகிறது என்று
எல்லோரும் கேட்பார்கள்.
எப்போது வருவதில்லை
என்று கேட்டாள் அவள்.

எல்ட்ரெட் பஃபெட், கொதிகலன் வரிசை:
"ஞாயிற்றுக்கிழமை கோயிலில்
நாலு சரணமும் பாடுகிறேன்.
புதனன்று படியேற முடியவில்லை."

மார்சலீன் டோபின், கால் உடைக்கும் மேசை:
"ஹாலிஃபாக்ஸில் அக்கா வீட்டில் பத்து நாள்
குழந்தைபோலத் தூங்கினேன்.
மெத்தைதான் காரணம் என்று
அதே மெத்தையைத் தவணையில் வாங்கினேன்.
இன்னும் ஏழு தவணை பாக்கி."

ஹெட்லி ஸ்னூக்:
"என் பேரை எழுதாதே.
வாரக்கணக்கு நிறைந்தால்தான்
குளிர்காலத்துக்கு உதவிப்பணம்."
எழுதவில்லை.
ஒரு வரியைக் காலியாய் விட்டாள்.
அப்படி ஒன்பது காலி வரிகள் சேர்ந்தன.

பிறகு ஆலையின் வரைபடம் ஒன்று கேட்டாள்.
ஓர் இருமலுக்கு ஒரு புள்ளி.
உறைவறையில் இரண்டு,
பெட்டி கட்டும் இடத்தில் நாலு.
விளக்கில் தூக்கிப் பிடித்தபோது
கொதிகலன் இருந்த மூலையில்
தாள் கறுத்து நைந்திருந்தது.

"ஊரே புகைக்கிற ஊர்" என்றார் மேலாளர்.
புகைக்காதவர்களின் பக்கத்தைப் புரட்டிக் காட்டினாள்.
"போன வருடம் மூன்று பேர்,
இந்த வருடம் இருபத்தாறு.
நீ வந்த பிறகுதானே நோய் பெருகியது?"
"போன வருடம் யார் கேட்டார்கள்?" என்றாள்,
என்னைப் பார்க்காமல்.
பார்த்திருக்கலாம்.

ஆவியை உறிஞ்சும் கூண்டும் விசிறியும் வர
அடுத்த ஏப்ரல் ஆயிற்று.
அதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.
மார்சலீனுக்கு உதவியது.
எல்ட்ரெட்டுக்குக் காலம் கடந்துவிட்டது;
பக்கத்து வீட்டில் நண்டுச் சட்டி ஏறினால்
இப்போதும் கோட்டை மாட்டிக்கொண்டு
கரைக்கு நடந்துவிடுகிறார்.

அன்றிரவு அலுவலகத்தில்
பழைய படிவங்களைத் தரையில் பரப்பினேன்.
நாற்பத்தொரு சளி.
ஒவ்வொன்றும் என் அழகான எழுத்து.
கிழமை வாரியாய் அடுக்கினேன்.
திங்களில் மூன்று.
வெள்ளியில் பதினேழு.
எந்தச் சளிக்குக்
கிழமை தெரியும்?

விடிந்தது.
பலகையில் எண் மாற்றப் போகவில்லை.
படிவத்தில் அந்த அரை அங்குலத்துக்குக் கீழே
அளவுகோல் வைத்துக் கட்டம் ஒன்று வரைந்தேன்.
கோணல்தான்.
பஃபெட்டை வரச் சொல்லி ஆள் அனுப்பினேன்.

அலுவலகம் மாடியில்.
பதினாலு இரும்புப் படிகள்.
ஏறும் சத்தத்தை எண்ணிக்கொண்டிருந்தேன்.
ஏழாவதில் நின்றது.

அன்று புதன்கிழமை.
படிவத்தையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு
நான் இறங்கினேன்.